குறுஞ்சொல் ஒப்புமையும் சொற்பிறப்பாராய்ச்சியும்

மொழிகளை ஒப்பிட்டு ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவன குறுஞ்சொற்களே. ஓரெழுத்தானும் ஈரெழுத்தானும் அமைந்த இச்சொற்கள் செவிக்கு எளியன, நினைவிற்கும் எளியன. தொலைவிலுள்ள ஒரு மொழியில் தம் மொழிச் சொல்லை ஒத்ததொன்றைக் காணுங்கால் உள்ளம் உவகை கொள்ளுதல் இயல்பே. அவ்வுவகையே சான்றாக, இரு மொழியும் ஒரு தாய் வயிற்றின என்றோ, ஒன்று மற்றொன்றினின்று கடன் கொண்டது என்றோ துணிதலும் நம்மிடையே நெடுநாள் வழக்காக உள்ளது. அத்துணிபு எத்துணை வலியுடையது என்பதைச் சில சொற்களின் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குறுஞ்சொல்லின் இயல்பு

நெட்டெழுத்து ஏழும் ஓரெழுத்தொருமொழியாக வரும் என்றும், குற்றெழுத்து ஐந்தும் தனித்து மொழிநிறையா என்றும் தொல்காப்பியர் மொழிமரபிற் கூறினார். நன்னூலார் இத்தகைய சொற்களை வகைப்படுத்தி எண்ணி, நெடில் 40, குறில் 2, ஆக 42 எனத் தொகை கொடுத்தார். நெட்டுயிர் 7, அவை பதினெட்டு மெய்யோடு கூடிய உயிர்மெய் 126, ஆக 133 வடிவங்களே ஓரெழுத்து நெடிற்சொல்லுக்கு இடந்தருவன. அவற்றுள்ளும் மொழிக்கு முதலாகாதன பல. வடிவங்கள் சிலவாகவும் பொருள்கள் எண்ணிலவாகவும் இருத்தலின், ஒரு வடிவம் பல பொருளைத் தாங்குதல் தவிர்க்கவியலாததாயிற்று.

இக்கணக்கு இரு மொழிகளை ஒப்பிடும்போது மேலும் கருதத் தக்கது. தம்முள் யாதொரு தொடர்பும் இல்லாத இரு மொழிகளில் 100 ஓரெழுத்து வடிவங்கள் பொதுவாக உள்ளன எனவும், 1000 பொருள்களை அவ்வடிவங்களாலேயே இரு மொழியும் உணர்த்துகின்றன எனவும் கொள்வோம். தற்செயலாகவே ஏறத்தாழ 10 பொருள்களுக்கு இரு மொழியிலும் ஒரே வடிவம் வாய்க்கும். ஈரெழுத்துச் சொற்களாயின் வடிவங்கள் 10,000 ஆகும். 1000 பொருளுள் ஒன்றேனும் அவ்வாறு ஒத்தல் அரிதாகும். வல்லொலியும் மெல்லொலியும் வேறுபாடின்றி ஒப்பாகும் எனவும், பொருளும் சிறிது திரியலாம் எனவும் ஆராய்வோர் இடங்கொடுப்பாராயின் பொய்யொப்புமை பன்மடங்கு பெருகும். எனவே, சொல் குறுகக் குறுக ஒப்புமையின் சான்றுவலியும் குறுகும் என்பது பெறப்படும்.

2. ஒரு மொழிக்குள்ளேயே: 'மா'

தமிழில் 'மா' என்னும் வடிவம் ஒரு மரத்தையும், விலங்கையும், சிறப்பாகக் குதிரையையும், அரைத்த மாவையும், இருபதில் ஒரு கூறாகிய பின்னத்தையும், வேலியில் இருபதில் ஒரு கூறாகிய நில அளவையும் குறிக்கும். திருமகளைக் குறிக்கும் 'மா' வடமொழி வழிப்பட்டது. பொருள்களைத் தொடர்புபடுத்திக் கதை புனைதல் எளிது. ஆயின் சொற்களின் நடை அதற்கு இடந்தராது.

இதற்குரிய சான்றினைத் தொல்காப்பியமே தருகின்றது. உயிர்மயங்கியலில், மாமரத்தைக் குறிக்கும் சொல் வல்லெழுத்து வருங்கால் மெல்லெழுத்துப் பெறும் என்றும், விலங்கைக் குறிக்கும் 'மா', 'ஆ' என்பதைப் போல னகரவொற்றுப் பெறும் என்றும் விதி வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே மரத்தின் கிளை மாங்கோடு. விலங்கின் கொம்பு மான்கோடு. தனித்து நிற்கையில் ஒன்றாகத் தோன்றும் இரு சொற்கள் புணர்ச்சியிற் பிரிந்து தம் வேற்றுமையைக் காட்டுகின்றன. வடிவொப்புமை மறைத்ததை இலக்கண நடை வெளிப்படுத்துகின்றது என்பது ஈண்டு உளங்கொளற்பாலது.

3. 'எட்டு'

எண்ணுப்பெயர்கள் எளிதிற் கடனாகா என்னும் கருத்துப் பற்றி, தமிழ் 'எட்டு' என்பதை வடமொழி 'அஷ்ட', பாலி 'அட்ட', இந்தி 'ஆட்', ஆங்கில 'எயிட்' என்பவற்றோடு இணைத்துக் காட்டுதல் உண்டு. பொருளும் ஒன்று, ஒலியும் அணித்து. ஆயினும் இவ்விணைப்பு நில்லாது.

தமிழ்ச் சொல்லின் பழைய உறுப்பு 'எண்' என்பதே. எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம், எண்டிசை என்னும் தொடர்களில் அது தெளிவாக நிற்கின்றது. கன்னடத்தில் அவ்வெண் 'எண்டு' என்றே வழங்கும். தெலுங்கில் 'எனிமிதி' எனப்படும். மூக்கொலி திராவிட மொழிகளிற் பரவலாக நிற்ப, தமிழிலும் மலையாளத்திலும் அஃது இனமாகித் திரிந்து டகரம் இரட்டித்தது. மறுபுறத்தே, இலத்தீனிலும் கிரேக்கத்திலும் இவ்வெண் 'ஒக்தோ' என வழங்கிற்று. இந்தோ-ஐரோப்பிய முன்னை மொழியில் ககர இன ஒலியும் தகரமும் அடுத்து நின்றமை இதனால் அறியப்படும். அவ்விணைப்பே வடமொழியில் ஷகர டகரமாயிற்று. பாலியில் டகர இரட்டிப்பாயிற்று. ஆங்கிலத்தில் அக்ககர இன ஒலி மறைந்தும், அதன் சுவடு எழுத்தளவில் இன்றும் ஒலியாது நிற்கின்றது.

ஆகவே ஒரு நெறியில் ணகர டகரமும், மற்றொரு நெறியில் ககர தகரமும் நடந்து வந்து, இறுதியில் ஒத்த ஒலியில் முடிந்தன. பின்னோக்கிச் செல்லச் செல்ல இவை நெருங்குவதற்கு மாறாக விலகுகின்றன. உண்மை உறவுடைய சொற்கள் பழமையை நோக்கிச் செல்லுந்தோறும் நெருங்கும், பொய்யொப்புமை விலகும். இதனை ஒரு பொதுவிதியாகவே கொள்ளலாம்.

4. 'நீ': சீனமும் பிராகுவியும்

முன்னிலை ஒருமைப் பெயர் தமிழில் 'நீ'. வடசீனப் பொதுமொழியிலும் ஏறத்தாழ 'நீ'. இவ்வொப்புமை வியப்புத் தருவது. எனினும் சீனச் சொல், பழைய நூல்களில் முன்னிலைக்கு வழங்கிய வேறொரு சொல்லின் பேச்சுவழித் தோன்றலாகும். அதன் எழுத்துருவும் அப்பழஞ்சொல்லின் சுருங்கிய உருவோடு மனிதனைக் குறிக்கும் உறுப்புச் சேர்ந்ததே. அம்மொழியின் தன்மைப் பெயரோ 'வோ'. தமிழின் யான், நான் என்பவற்றோடு அதற்கு ஒப்புமையில்லை. பன்மையும் 'மென்' என்னும் சொல்லொட்டினால் அமைவதன்றி, உயிரும் மெய்யும் மாறி அமைவதன்று.

இனி, பாகிசுத்தானின் பலுச்சிசுத்தானத்தில் வழங்கும் பிராகுவி மொழியிலும் முன்னிலை ஒருமை 'நீ' என்பதே. ஆண்டும் ஒப்புமை ஓரெழுத்தளவினதே. ஆயினும் முடிபு வேறு. பிராகுவியின் முன்னிலைப் பன்மை 'நும்'; தமிழில் அப்பன்மை வேற்றுமையுருபு ஏற்குங்கால் 'நும்' என நிற்றலை நாம் அறிவோம். பிராகுவியின் 'இரட்', 'முசிட்' என்பன இரண்டு, மூன்று என்பவற்றோடு ஒலிமுறைப்படி இயைகின்றன. ஒரு சொல் அன்று, சொற்களின் ஒழுங்கு முழுவதுமே ஈண்டு ஒத்து நிற்கின்றது. சீன 'நீ' தனிமரம். பிராகுவி 'நீ' தோப்பின் ஒரு மரம். செவிக்கு இரண்டும் ஒன்றே. சான்றுநிலையில் இரண்டிற்கும் சேய்மை பெரிது.

வடிவும் பொருளும் முற்றும் ஒத்தும் உறவின்றி நிற்கும் சொல்லுக்கு ஆத்திரேலியாவின் வடகிழக்கில் வழங்கிய மபாபரம் மொழி சிறந்த எடுத்துக்காட்டாகும். அம்மொழியில் நாயைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்திற் போலவே 'டாக்' என்று ஒலிப்பதை ஆர். எம். டபிள்யூ. டிக்சன் எடுத்துக்காட்டினார். அஃது ஆங்கிலக் கடனன்று. அண்டை மொழியாகிய யிடினியில் நாய்க்கு வழங்கும் 'குடக' என்பதே அதன் பழைய வடிவம். சொல்லின் முதற்பகுதி தேய்ந்து, எஞ்சிய உயிரும் திரிந்து இவ்வாறாயிற்று.

5. உறவுமொழிகளுக்குள் பொய்யொப்புமை

இரு மொழிகள் ஓரினத்தன என்பது உறுதிப்பட்ட பின்னரும் குறுஞ்சொல் மயக்கம் நீங்குவதில்லை. கடவுளைக் குறிக்கும் இலத்தீன் 'தேயுசு', கிரேக்கத் 'தெயோசு' என்பன ஒன்றெனவே எவரும் கருதுவர். ஆயின் இலத்தீன் சொல் வடமொழித் 'தேவ' என்பதற்கே உறவாம். கிரேக்கச் சொல்லின் வேர் வேறு. அவ்வாறே உடைமைப் பொருளுடைய இலத்தீன் 'ஹபேரே', செருமானிய 'ஹாபென்' என்பனவும் வேர்வழி வேறானவை. 1822-இல் கிரிம் விளக்கிய ஒலிமாற்ற விதிப்படி, இலத்தீனின் ககரமே செருமானிய இனத்தில் ஹகரமாகும். எனவே ஹாபென் என்பதற்கு நேரானது, கொள்ளுதற் பொருளுடைய 'கபேரே' ஆகும். ஒலி ஒத்தவை உறவன்று. ஒலி ஒவ்வாதது உறவாயிற்று. பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் தீமைப் பொருளில் வழங்கும் ஒத்த குறுஞ்சொற்களும் இத்தகையனவே. பாரசீகச் சொல் இடைக்காலத்தில் வகர முதலாக வழங்கிற்று. ஆங்கிலச் சொல்லோ தொன்றுதொட்டுப் பகர முதலது.

தாய்தந்தையரைக் குறிக்கும் குழவிச் சொற்களும் தனித்து வைத்து எண்ணத்தக்கன. மகரமும் பகரமும் பெற்ற இத்தகு சொற்கள் உலகெங்கும் காணப்படுதற்குக் காரணம் குழந்தையின் வாயியல்பே என ரோமான் யாக்கப்சன் 1960-இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். சியார்சிய மொழியில் 'மாமா' என்பது தந்தையையும் 'தேதா' என்பது தாயையும் குறிக்கும். எனவே 'அம்மா' போன்ற சொற்களை இனவுறவிற்குச் சான்றாக்குதல் கூடாது.

6. கடனும் கலப்பும்: 'காசு'

ஒப்புமை அனைத்தும் பொய்யெனக் கொள்ளுதலும் தவறாம். சங்கப் பாடல்களில் பொற்காசு கோத்த அணி கூறப்படுகின்றது. சோழர் கல்வெட்டுக்களிற் காசு நாணயமாகப் பயில்கின்றது. இச்சொல்லை வடமொழிக் 'கர்ஷ' என்பதோடு இணைப்பாரும் உளர். தென்னாட்டுக் கரையிற் போர்த்துகேசியர் இதனைக் கேட்டுத் தம் மொழியிற் பெட்டியைக் குறிக்கும் 'கைஷ' என்னும் சொல்லின் வடிவிலேயே வழங்கினர். அவர் வழியாக ஆங்கிலத்திற் புகுந்த 'காஷ்' இந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு நாணயங்களுக்குப் பெயராயிற்று. சென்னையில் 1818-இல் ரூபாய் முறை நிலைபெறும் வரை 80 காசு ஒரு பணமாகவும், 42 பணம் ஒரு வராகனாகவும் கணக்கிடப்பட்டன.

ஆயின் கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'காஷ்' வேறு சொல். அஃது இலத்தீனிற் பெட்டியைக் குறித்த 'கப்ச' என்பதினின்று பிரெஞ்சு, இத்தாலிய வழக்கு வழியாக வந்து, பணப்பெட்டியைக் குறித்துப் பின் பணத்தையே குறிப்பதாயிற்று. ஆங்கிலத்தில் ஒரே வடிவினவாய்ப் பணத்தொடர்பினவாய் நிற்கும் இவ்விரண்டனுள் ஒன்று தமிழின் கொடை. மற்றொன்று இலத்தீன் வழித்தோன்றல். இரண்டையும் தமிழே என்பாரும், இரண்டும் தமிழல்ல என்பாரும் ஒருங்கே வழுவினராவர். மாங்காய் என்னும் சொல் போர்த்துகேசியர் வழி ஐரோப்பிய மொழிகளிற் பரவியமைக்கு இத்தகைய ஐயம் இல்லை. பொருளும் வழியும் சென்ற காலமும் ஒருங்கே அறியப்படுகின்றன.

7. முடிவுரை

1816-இல் எல்லிசு தென்மொழிகளின் தனியினத்தை நிறுவியது தனிச்சொல் ஒப்புமையால் மட்டும் அன்று. வேர்களை நிரலாக எடுத்து ஒப்பிட்டதனாலாம். 1856-இல் கால்டுவெல் வகுத்த ஒப்பிலக்கணத்தில் இன்றும் நிலைத்து நிற்பது, விகுதியும் உருபும் இடப்பெயரும் பற்றிய பகுதியே; அவர் உடன்பட்ட சித்தியக் குழு இன்று ஏற்கப்படுவதில்லை. 1961-இல் வெளிவந்து 1984-இல் திருத்தம் பெற்ற பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பகராதியும் ஒரு சொல்லை அதன் இனச்சொற்களோடு வைத்தே காட்டுகின்றது.

எனவே ஒரு குறுஞ்சொல்லை அயல்மொழிச் சொல்லோடு இணைக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். அதன் மிகப் பழைய வடிவம் யாது? தன்னினத்து மொழிகளில் அஃது எவ்வாறு நிற்கின்றது? ஒலிமாற்றம் பிற சொற்களிலும் அதே முறையில் நிகழ்கின்றதா? கடன் என்பார் அதன் வழியையும் காலத்தையும் காட்டுதல் வேண்டும். இவ்வினாக்கள் தமிழின் பெருமையைக் குறைப்பன அல்ல. 'எட்டு' என்பதை அயன்மொழிக்கு உறவாக்குவார் 'எண்' என்னும் தமிழ் வேரை இழக்கின்றனர். சீன 'நீ'யைச் சான்றாக்குவார் பிராகுவியின் உண்மைச் சான்றுக்கும் மதிப்பின்மை தேடித் தருகின்றனர். பொய்ச்சான்று ஒன்று கலந்தவழி மெய்ச்சான்று பத்தும் ஐயுறப்படும். ஆதலின் குறுஞ்சொல் ஒப்புமையை ஆராய்ச்சியின் தொடக்கமாகக் கொள்க, முடிவாகக் கொள்ளற்க.