நண்பர்கள் நாற்காலியில் அமர்ந்தபோது

மனித உரிமை அமைப்புகளை வழிநடத்தியவர்களைப் பற்றிச் சிறப்பு மலர்களில் எழுதும்போது சிறைவாசம், தடியடி, வழக்குகள் என்று அடுக்கிக்கொண்டு போவது வழக்கம். அவை உண்மைதான். ஆனால் வேண்டாதவர்கள் ஆளும் காலத்தில் உரிமை பேச நெஞ்சுரம் இருந்தால் போதும். நேற்றுவரை கூடச் சிறையில் கிடந்தவர் இன்று அமைச்சராகிவிட்டார் என்றால், அப்போது என்ன செய்வது? இந்திய உரிமை இயக்க வரலாற்றை இந்தக் கேள்வியோடு படிப்பவருக்கு அதன் முதல் அத்தியாயமே சற்றுச் சங்கடமாக இருக்கும்.

1936 ஆகஸ்டில் பம்பாயில் இந்தியக் குடிமை உரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. முன்கை எடுத்தவர் நேரு, கௌரவத் தலைவர் தாகூர், செயல் தலைவர் சரோஜினி நாயுடு, செயலாளர் கே.பி. மேனன். கட்சிக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில் நேரு பிடிவாதமாக இருந்தார். சென்னை மாகாணம் ஓரிரு ஆண்டுகளிலேயே அதைச் சோதித்துப் பார்த்தது. 1937 ஜூலையில் அங்கே காங்கிரஸ் ஆட்சி அமைந்து, இராஜாஜி மாகாணப் பிரதமரானார். அக்டோபரில் காங்கிரஸ் சோசலிஸ்டான பாட்லிவாலா ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். மறு ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டபோது, காங்கிரஸ்காரர்களின் மறியலை ஒடுக்க வெள்ளையர் கொண்டுவந்த கிரிமினல் திருத்தச் சட்டமே தமிழ்த் தொண்டர்கள் மேல் பாய்ந்தது. அந்தச் சட்டத்தைக் கண்டித்துக் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானங்களின் மை அப்போது காய்ந்திருக்குமோ என்னவோ! பாட்லிவாலா கைதை நேரு விரும்பவில்லை. ஆனாலும் தன் கட்சியின் அமைச்சரவைகளை எதிர்த்து நிற்கும் வலு அவர் உருவாக்கிய சங்கத்துக்கு இல்லை. அது மெல்லத் தேய்ந்தது.

நாற்பது ஆண்டுக்குப் பிறகு அதே நாடகம் வேறு பாத்திரங்களோடு அரங்கேறியது. நெருக்கடி நிலையின் நடுவே, 1976 அக்டோபரில், ஜெயப்பிரகாஷ் நாராயண் (ஜெ.பி.) தூண்டுதலில் டெல்லியில் மக்கள் சிவில் உரிமை, ஜனநாயக உரிமைக் கழகம் உருவாயிற்று. தலைவர் வி.எம். தார்குண்டே, பொதுச் செயலாளர் கிருஷ்ண காந்த். 1977 மார்ச்சில் ஜனதா வென்றது. கிருஷ்ண காந்த் மக்களவை உறுப்பினரானார். தோழர்கள் பலர் அரசாங்கத்துக்குள் போய்விட, கழகம் ஏறக்குறைய உறங்கிவிட்டது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் மிசா சட்டத்தை எதிர்த்து வாக்குக் கேட்ட ஜனதா அரசு, தடுப்புக் காவலைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள்ளேயே செருக அதே ஆண்டின் இறுதியில் ஒரு மசோதா கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. இந்திரா காந்தி திரும்ப வந்த 1980இல்தான் கழகம் விழித்தெழுந்து, நாம் இன்று அறியும் மக்கள் சிவில் உரிமைக் கழகமாக அமைப்பு விதிகள் வகுத்துக்கொண்டது.

இடைப்பட்ட காலத்தில் உறங்காதவர் தார்குண்டே. 1909இல் புணே அருகே சாஸ்வாடில் பிறந்தவர், எம்.என். ராயின் சீடர், பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நீதிபதி. 1977 கோடையில், ஜெ.பி. கேட்டுக்கொண்டதன்பேரில், ஆந்திரத்து ‘மோதல் சாவு’களை விசாரிக்கும் உண்மை அறியும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1975 ஜூலையில் கிராய்பள்ளிக் காட்டில் நக்சலைட் இளைஞர்கள் நால்வர் இறந்தது மோதலில் அல்ல, மரத்தில் கட்டிவைத்துச் சுடப்பட்டார்கள் என்று குழு கண்டது. விளைவாக நீதிபதி பார்கவா ஆணையம் அமைந்தது. ஆந்திரத்தில் அப்போதும் காங்கிரஸ்தான் ஆட்சியில் இருந்தது; எனவே இதை நண்பர்களுக்கு எதிரான துணிவு என்று நான் சொல்ல மாட்டேன். இதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஆயுதம் ஏந்திய புரட்சியில் துளியும் நம்பிக்கையில்லாத ஒரு ராயிஸ்ட், அந்தப் புரட்சிக்காரர்களின் பிணங்களுக்காகக் கிராமம் கிராமமாகச் சாட்சி தேடினார். செல்வாக்குள்ள நண்பர்கள் யாருக்கும் அந்தப் பிணங்கள் மேல் அக்கறை இல்லை.

அந்தக் குழுவின் செயலாளர் கே.ஜி. கண்ணபிரான். மதுரையில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்து, ஐதராபாத்துக்குத் தொழில் செய்யப் போனவர். 1978 முதல் பதினைந்து ஆண்டுகள் ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் கழகத்துக்குத் தலைவராக இருந்தார். பிறகு மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் தேசியத் தலைவரானார். ஆந்திரக் கழகத்தின் பொறுப்பில் இருப்பது விளையாட்டல்ல. அதன் துணைத் தலைவரும் குழந்தை மருத்துவருமான இராமநாதம் 1985 செப்டம்பர் 3ஆம் நாள் வாரங்கல் பகுதியில் தமது மருத்துவமனையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொல்லப்பட்ட காவல் அதிகாரி ஒருவரின் இறுதி ஊர்வலம் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

அப்போது பொதுச் செயலாளராக இருந்த கே. பாலகோபால், காகதீயப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். தடா வழக்கும் கடத்தலும் கண்டவர். என் கேள்விக்கு மிகக் கடினமான பதிலைத் தேடியவர் அவர்தான் என்று நினைக்கிறேன். அதிகாரம் தலைமைச் செயலகத்தில் மட்டுமா குடியிருக்கிறது? துப்பாக்கி வைத்திருக்கும் புரட்சியாளர், காட்டிக்கொடுத்தவன் என்று ஓர் ஏழையைக் கொன்றால், அவரை அதுவரை காத்து வந்த உரிமை அமைப்பு வாய் மூடி இருக்கலாமா? அரசின் வன்முறையையும் எதிர்ப்பவரின் வன்முறையையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்று தோழர்கள் வாதாடினார்கள். அந்த வாதத்தில் சாரம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. பாலகோபாலால் அதை ஏற்க முடியவில்லை. விலகி, 1998இல் மனித உரிமைப் பேரவையைத் தோழர்களோடு தொடங்கினார். நாற்பத்தைந்து வயதைக் கடந்த கணிதப் பேராசிரியர் கருப்பு அங்கி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். 2009இல் இறக்கும்வரை ஏழைகளின் நில வழக்குகளில் மூழ்கியிருந்தார்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்நாட்டு, வெளிநாட்டு நிதியுதவி நிறுவனங்கள் எவற்றிடமும் பணம் வாங்குவதில்லை. பொறுப்பாளர்கள் கைக்காசைச் செலவழிக்கிறார்கள். சுதந்திரத்துக்கு இது அரண்தான். கூடவே ஒரு குறையும் வருகிறது: வேறு வருமானம் உள்ள வழக்கறிஞர், பேராசிரியர், மருத்துவர்தான் வழிகாட்டியாக முடியும். மேலே வந்த பெயர்களைப் பார்த்தாலே தெரியும். அன்றாடக் கூலிக்காரர் உண்மை அறியும் குழுவில் நான்கு நாள் சுற்றினால் வீட்டில் உலை ஏது?

ராஜஸ்தானின் தேவ்டுங்ரி கிராமத்தில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். சென்னையில் பிறந்து, 1975இல் ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்த அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் 1987இல் அங்கே குடியேறினார்கள். 1990 மே நாளில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் பிறந்தது. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவோ அவ்வளவே தங்கள் மாதப்படி என்று வைத்துக்கொண்டார்கள். ஊராட்சிக் கணக்கை ஊர் நடுவே வாசித்த மக்கள் விசாரணைகள் 1994இல் தொடங்கின. 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்ததில் அந்தக் கணக்கு வாசிப்புக்குப் பெரும் பங்குண்டு. இடையே நண்பர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். 2004இல் புதிய அரசு அமைத்த தேசிய ஆலோசனைக் குழுவில் அருணா ராய் உறுப்பினரானார், 2006இல் விலகினார், 2010இல் மீண்டும் சேர்ந்தார். ஊரக வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்ற குழுவின் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 2013இல் அந்த மனக்குறையைக் கடிதத்தில் எழுதிவிட்டு வெளியே வந்தார்.