ஓயாத மூச்சும் இறுகும் தசையும்

தொய்வு நோயில் மூச்சு இறுகுவானேன்? தாமும் அந்நோயால் வருந்திய இலண்டன் வைத்தியர் ஹென்றி ஹைட் சோல்ற்றர், சுவாசக் குழாய்களைச் சூழ்ந்த மழமழப்பான தசையின் இசிவே காரணமென 1860இல் நூலொன்றில் வாதிட்டார். தசையின் விசை கணிதத்துள் அடங்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

1957இல் அண்ட்ரூ ஹக்ஸ்லி, தசையிழைகளிடையே நுண்பாலங்கள் பிணைந்தும் விலகியும் விசை பிறப்பதைச் சமன்பாடுகளாக்கினார். ஆயினும் அவர் ஆராய்ந்தது எலும்பை அசைக்கும் தசையை. மழமழப்பான தசையிலோ மிக மெல்ல விலகும் பாலங்களும் உள எனக் கொண்டு, 1988இல் ஹாய், மேர்பி இருவரும் அதன் நீடித்த இறுக்கத்தை விளக்கினர்.

ஆனால், நேயர்களே, மூச்சு ஓய்வதில்லையே! 1990களில் பிறெட்பேர்க் குழுவினர் இவ்விரு கணக்குகளையும் இணைத்தனர். ஒவ்வொரு மூச்சும் தசையை இழுத்துப் பாலங்களை அறுக்கிறது. இழுப்புக் குன்றினால் தசை விறைக்கிறது. விறைத்த தசையோ அடுத்த மூச்சுக்கு இணங்குவதில்லை. ஆழ்ந்த மூச்சு சுகதேகியின் குழாயைத் திறப்பதும், தொய்வாளருக்கு அவ்வளவு உதவாமையும் இதனால் ஓரளவு விளங்குகின்றன.