மருதமுனைத் துணியில் கையச்சு: வீட்டில் திரை அச்சு செய்வதற்கான முழு விளக்கம்

கிழக்கின் கரையோரத்தில் 'கைத்தறி' என்றதும் நினைவுக்கு வரும் ஊர் மருதமுனை. கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு வீதியோரம் இருக்கும் இவ்வூரின் சாரனும் சாரியும் நாடு முழுவதும் அறியப்பட்டவை. தெற்கே நிந்தவூர், அட்டாளைச்சேனை, பாலமுனைப் பக்கம் பெண்கள் வீட்டிலிருந்தே பன்பாய் இழைத்து வந்திருக்கிறார்கள். கைவேலை இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஆனால் கடைப் பை, பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ரீசேர்ட், கல்யாணப் பரிசுப் பொதி என்று எதுவானாலும் அச்சிட வேண்டுமென்றால் டிஜிட்டல் அச்சகத்தைத் தேடிப் போவதே இன்று வழக்கமாகிவிட்டது.

ஒரு மரச் சட்டம், ஒரு துண்டு வலைத்துணி, ஒரு இறப்பர் விளிம்பு, கொஞ்சம் மை ஆகியவற்றோடு இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டு விறாந்தையிலேயே செய்துவிடலாம். அதற்குப் பெயர் திரை அச்சு. பேச்சு வழக்கில் ஸ்கிரீன் பிரிண்டிங். அதை எப்படிச் செய்வது, கரையோர ஊர்களில் எதைக் கவனிக்க வேண்டும், கைத்தறிக்குப் பக்கபலமாக அதை எப்படிப் பயன்படுத்துவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எங்கிருந்து வந்தது?

வெட்டிய அச்சுத்தாளின் ஊடாகச் சாயம் பூசும் முறை சீனாவிலும் ஜப்பானிலும் மிகப் பழையது. ஜப்பானியர் முசுக்கட்டை நாரில் செய்த தாளுக்குப் பனிச்சம்பழச் சாறு ஏற்றி விறைப்பாக்கி, அதில் நுண்ணிய பூவேலைகளை வெட்டிக் கிமோனோத் துணிக்குச் சாயமிட்டார்கள். வெட்டிய துண்டுகள் விழுந்துவிடாமல் இருக்கப் பட்டு இழைகளால் தாங்கினார்கள். அந்த இழைகளின் இடத்தில் முழுப் பட்டுத் துணியையே சட்டத்தில் இழுத்துக் கட்டினால் அது திரை ஆகிவிடுகிறது. இங்கிலாந்தின் மன்செஸ்டரில் சாமுவேல் சைமன் 1907இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 'சில்க் ஸ்கிரீன்' என்ற பெயர் அப்படி வந்தது. இப்போது பட்டு இல்லை, பொலியெஸ்டர் வலைதான்.

1962இல் அமெரிக்க ஓவியர் அண்டி வோர்ஹோல் இதைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுபோனார். 1977இல் ஜப்பானின் ரிஸோ நிறுவனம் 'பிரிண்ட் கொக்கோ' என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்கு விட்டது. அங்குள்ள குடும்பங்கள் அதைக் கொண்டு வீட்டிலேயே புத்தாண்டு வாழ்த்து அட்டைகளை அச்சிட்டன.

தேவையான பொருட்கள்

சட்டம்: உள்ளளவு 30 முதல் 40 சென்டிமீற்றர் இருந்தால் பைக்கும் ரீசேர்ட்டுக்கும் போதும். தச்சரிடம் சொன்னால் செய்து தருவார். நாலு மூலையும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மேசையில் வைத்தால் ஆடக்கூடாது. கடற்காற்றில் இரும்பு ஊசிகள் விரைவில் துருப்பிடித்து வலையில் கறை விடும். துருப்பிடிக்காத ஊசி அடிப்பதோ, அலுமினியச் சட்டம் வாங்குவதோ நல்லது.

வலைத்துணி: வலையின் எண் என்பது ஒரு சென்டிமீற்றரில் உள்ள இழைகளின் எண்ணிக்கை. துணிக்கு 43 முதல் 55 வரை. தாளுக்கும் அழைப்பிதழ் அட்டைக்கும் 90 முதல் 120 வரை. எண் கூடினால் கோடு நுணுக்கமாக வரும், மை குறைவாக இறங்கும். வலையை மத்தளத் தோல்போல விறைப்பாக இழுக்க வேண்டும். தொய்ந்த வலையில் அச்சு தெளிவாக விழாது.

ஸ்குவீஜி: மையை இழுக்கும் இறப்பர் விளிம்புள்ள கட்டை இது. படத்தின் அகலத்தைவிட இரு பக்கமும் இரண்டிரண்டு சென்டிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும். துணிக்குச் சற்று மென்மையான இறப்பர், தாளுக்குக் கடினமான இறப்பர்.

மை: வீட்டு வேலைக்குத் தண்ணீரில் கரையும் துணி மையே ஏற்றது. பிளாஸ்டிசோல் என்ற எண்ணெய்த் தன்மையுள்ள மை கடைகளில் கிடைக்கும். ஆனால் அது முழுத் தடிப்பிலும் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் சூடேறினால்தான் பிடிக்கும். வீட்டு அயன் பெட்டியால் அதை நம்பகமாகச் செய்ய முடியாது. சில கழுவல்களில் வெடித்து உரியும்.

முதல் படி: தாளிலிருந்து தொடங்குங்கள்

புதிதாகத் தொடங்குபவர் இரசாயனம் எதுவுமின்றியே ஆரம்பிக்கலாம். சற்றுத் தடித்த மெழுகுத் தாளிலோ, ஸ்டிக்கர் தாளிலோ வடிவத்தை வெட்டி எடுத்து வலையின் அடிப்பக்கம் ஒட்டினால் அதுவே அச்சு. எழுத்து வெட்டும்போது மூடிய சுழியுள்ள எழுத்துகளின் உள்வட்டங்கள் கழன்று விழும். ஸ்டிக்கர் என்றால் அவற்றைத் தனியாக வலையில் ஒட்டிவிடலாம். சாதாரணத் தாள் சில பத்துப் பிரதிகளுக்குத் தாங்கும். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பைகளுக்கு அது போதுமானது.

இரண்டாம் படி: ஒளியால் அச்செடுத்தல்

நுணுக்கமான வடிவத்துக்கும் கூடுதல் பிரதிகளுக்கும் ஒளியுணர் பசை வேண்டும். கடைகளில் இதை எமல்ஷன் என்பார்கள். ஒளி பட்ட இடம் இறுகும்; படாத இடம் தண்ணீரில் கரைந்து போகும். இதுதான் முழுச் சூத்திரமும்.

பழைய பட்டறைகளில் பசையோடு பொட்டாசியம் டைகுரோமேட் கலப்பது வழக்கம். விலை குறைவு என்றாலும் அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, தோலைப் புண்ணாக்கும். பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. டயசோ வகை அல்லது கலந்து விற்கப்படும் ஃபோட்டோபொலிமர் வகை எமல்ஷனைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் வலையைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிக் காயவிடுங்கள். மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் பசையை இரு பக்கமும் மெல்லிதாக, ஒரே சீராகப் பூசுங்கள். இருட்டறையில், துணியைத் தொடும் பக்கம் கீழே இருக்கும்படி கிடையாக வைத்து உலர்த்துங்கள். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையான மாரி காலத்தில் இது காய அதிக நேரம் பிடிக்கும். மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் கழுவும்போது முழுப் பசையும் உரிந்து வரும். மின்விசிறியைப் பூட்டி, ஒரு இரவு முழுக்க விடுவது பாதுகாப்பு.

படத்தைக் கண்ணாடித் தாளிலோ டிரேசிங் தாளிலோ அடர் கறுப்பில் எடுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்பின் ஊடாக ஒளி தெரிந்தால் இரண்டு பிரதிகளை ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாம். கறுப்பு மையால் கையால் வரைந்த படமும் நன்றாக வேலை செய்யும். படத்தைத் திரையின் அடிப்பக்கத்தில் வைத்து, மேலே கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டுங்கள்.

எவ்வளவு நேரம்? பசைக்கும் வெயிலுக்கும் ஏற்ப அது மாறும். ஒரு சிறிய திரையில் சோதனை செய்வதே வழி. அட்டையால் மூடிக்கொண்டு 30 விநாடிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் ஒரே திரையில் 30, 60, 90, 120 விநாடிப் பட்டைகள் கிடைக்கும். கழுவியதும் எந்தப் பட்டையில் படம் முழுதாகத் திறந்து, சுற்றியுள்ள பசை வழுவழுப்பின்றி நிற்கிறதோ அதுவே உங்கள் நேரம். நண்பகல் வெயிலில் எடுத்த கணக்கு மாலை நான்கு மணிக்குப் பொருந்தாது. தினமும் ஒரே நேரத்தில் செய்வது நல்லது.

அச்சிடுதல்

மேசைமேல் பழைய போர்வையை விரித்து, அதன்மேல் துணியைச் சுருக்கமின்றிப் பரப்புங்கள். திரையின் நான்கு மூலையிலும் நாணயத் தடிப்பில் அட்டை ஒட்டினால் வலைக்கும் துணிக்கும் இடையே 2 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். இழுத்த பின் வலை தானாக மேலெழும்பினால்தான் விளிம்பு கூர்மையாக வரும். முதலில் அழுத்தாமல் மையை வலைமேல் பரப்புங்கள். பிறகு ஸ்குவீஜியைச் சாய்த்துப் பிடித்து ஒரே அழுத்தத்தில் இழுங்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு இழுவை.

மை வலையில் காய்ந்து அடைப்பதுதான் இங்கே பெரிய தொல்லை. வெயில் ஏறு முன் காலையில் வேலை செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், பிரதிகளுக்கிடையே வலையை மையால் மூடியபடியே வைத்திருங்கள். சுபஹுத் தொழுகைக்குப் பின்னான இரண்டு மணி நேரம் இதற்கு மிகத் தோதானது.

அச்சு காய்ந்ததும் மெல்லிய துணியை மேலே போட்டு, நீராவி இல்லாமல், மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் சூடாக அயன் செய்யுங்கள். மைப் போத்தலில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். விற்பனைக்கு முன் ஒரு துண்டை நான்கைந்து தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பார்க்காமல் வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டாம்.

கிணற்றை மறக்க வேண்டாம்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகியவை கடலை ஒட்டிய மணல் நிலத்தில் நெருக்கமாக வீடுகள் அமைந்த ஊர்கள். தண்ணீர் ஆழமில்லாத கிணறுகளில் இருக்கிறது. மணலில் ஊற்றியது அதிகம் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போகும். எனவே திரையைக் கிணற்றடியில் கழுவக் கூடாது. மிஞ்சிய மையை முதலில் கரண்டியால் வழித்துப் போத்தலில் போடுங்கள். ஒட்டியிருப்பதைப் பழைய துணியால் துடைத்து, அந்தத் துணியைக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். அதன் பின்னரே, கழிவுநீர்க் குழியோடு இணைந்த இடத்தில் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள். பழைய பசையை நீக்க ப்ளீச் பயன்படுத்துவோர் அதை வேறெந்தத் துப்புரவுத் திரவத்தோடும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

கைத்தறித் துணியில் அச்சிடும்போது

தறியிலிருந்து வந்த துணியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். அதன்மேல் அச்சிட்டால் மை கஞ்சியில்தான் ஒட்டும், முதல் கழுவலிலேயே போய்விடும். சுடுதண்ணீரில் கழுவிக் காயவைத்து, அயன் செய்த பின்பே அச்சிடுங்கள். பருத்தி சுருங்கும் என்பதால் தைப்பதற்கு முன்பும் இந்தக் கழுவல் தேவை. கைத்தறியின் மேற்பரப்பு இயந்திரத் துணிபோல் மட்டமாக இராது. மெல்லிய கோடுகள் உடையும். தடித்த இலை, வளையம், நட்சத்திரக் கோலம், பெரிய எழுத்து ஆகியவை அழகாக விழும். அடர் நிறத் துணியில் சாதாரண மை தெரியாது, மூடும் தன்மையுள்ள மை வேண்டும்.

எதை அச்சிடுவது என்பதில் இன்னொரு கவனமும் உண்டு. அரபு எழுத்தணி அழகானது என்பதற்காகத் திருக்குர்ஆன் வசனங்களை உடுத்தும், மிதிக்கும், எறிந்துவிடும் பொருட்களில் அச்சிடுவது நமது மக்களுக்கு மனத்தாங்கலைத் தரும். பன்பாயின் சதுரக் கோலங்கள், தென்னோலை, வள்ளம், நெற்கதிர் என்று நம் கண்முன் இருப்பவையே தாராளமாகப் போதும்.

அச்சு நெசவாக வேடம் போடக் கூடாது

இதுதான் இக்கட்டுரை அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம். மருதமுனை நெசவு பல அடிகளை வாங்கிய தொழில். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உள்ளூர்த் துணிக்குச் சந்தை இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. பின்னர் யுத்தம். 2004 டிசம்பர் 26 கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் இறந்தனர். மருதமுனையின் கரையோர வீடுகளோடு தறிகளும் போயின. 2020இல் பத்திக், கைத்தறி, உள்நாட்டு ஆடை உற்பத்திகளுக்கென ஒரு இராஜாங்க அமைச்சு உருவாக்கப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியோ நூலையும் சாயத்தையும் எட்டாத விலைக்குக் கொண்டுபோனது.

இலங்கையின் பத்திக் தொழிலாளர் பட்டதைக் கைத்தறியாளர் படக்கூடாது. மெழுகும் சாயமுமாக நாட்கணக்கில் செய்யும் பத்திக்கின் தோற்றத்தை இயந்திரத்தில் அச்சடித்த துணி மலிவாக வந்து சந்தையைப் பிடித்தது. அதுபோலச் சாரனின் கட்டத்தையும் கரையையும் விசைத்தறித் துணியில் அச்சடித்துக் 'கைத்தறி' என்று விற்பது எளிது. அது நெசவாளரின் கூலியிலிருந்து எடுக்கப்படும் பணம். வாங்குபவர் ஒரு நொடியில் கண்டுபிடிக்கலாம்: நெய்த கட்டம் துணியின் இரு பக்கமும் ஒரே நிறத்தில் இருக்கும், ஓரத்து நூலொன்றை இழுத்தால் நூலே நிறத்தோடு வரும். அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும்.

நெசவு செய்ய முடியாததைத்தான் அச்சு செய்ய வேண்டும். பாடசாலையின் பெயர், பிள்ளை வரைந்த படம், கடையின் சின்னம், மணமக்களின் பெயரும் திகதியும் போன்றவற்றுக்குத் தறியைக் கட்ட முடியாது, திரை ஒரு நாளில் செய்துவிடும். மருதமுனை நெசவாளரிடம் வெற்றுத் துணி வாங்கிப் பையாகவோ மேசை விரிப்பாகவோ தைத்து அதில் அச்சிட்டால், ஒரே பொருளில் நெசவாளர், தையல்காரர், அச்சிடுபவர் மூவருக்கும் கூலி கிடைக்கிறது. 'கைத்தறித் துணி, கையச்சு' என்று இரண்டையும் தனித்தனியாகச் சீட்டில் எழுதினால் வாங்குபவருக்கும் உண்மை தெரியும்.

விலை போடுவது எப்படி?

கைவேலை செய்வோர் பெரும்பாலும் துணி, மை விலையை மட்டும் கூட்டுகிறார்கள். திரை தயாரிக்கும் செலவைப் பிரதிகளால் வகுக்க வேண்டும். உதாரணமாக ஒரு திரைக்கு 2,000 ரூபா செலவானது என்று வைத்துக்கொண்டால், 5 பை அச்சிட்டால் ஒரு பைக்கு 400 ரூபா விழும். 50 பை அச்சிட்டால் 40 ரூபாதான். பத்துக்குக் குறைந்த ஓர்டருக்குத் தாள் அச்சையே பயன்படுத்துவது இலாபம். பழுதாகும் பிரதிகளுக்கென நூற்றுக்குப் பத்து சேருங்கள். கடைசியாக, உங்கள் மணித்தியாலங்களை எழுதி அதற்கும் கூலி போடுங்கள். வீட்டிலிருந்து செய்யும் பெண்கள் பலர் விட்டுவிடும் வரி இதுதான்.

முதல் முயற்சிக்குப் பழைய வெள்ளைத் துணியில் நாலு துண்டு, ஒரே நிறம், உள்ளங்கை அளவிலான ஒரு வடிவம் போதும். இரண்டாம் நிறத்துக்கு இன்னொரு திரையும் இரண்டையும் பொருத்தும் அடையாளக் குறிகளும் வேண்டும். முதல் திரையில் கை பழகிய பின் அதற்குப் போகலாம்.