ஃபோட்டோ அப்லோடு ஆகவில்லையா? ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி: எந்தப் படத்துக்கு எந்த ஃபார்மட்?

வேலைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. புகைப்படத்தை ஏற்றும் இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது: ‘இந்த வகை ஃபைல் ஏற்கப்படாது’. போனில் பார்த்தால் படம் பளிச்சென்று தெரிகிறது. அப்புறம் என்னதான் பிரச்னை?

பிரச்னை படத்தில் இல்லை, அது சேமிக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அதைத்தான் ஃபார்மட் என்கிறோம். விண்ணப்பம் போடுபவர்களுக்கு மட்டுமல்ல, இணையதளம் வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கும் இது தெரிந்திருந்தால் நேரமும் டேட்டாவும் மிச்சம்.

ஒரே படத்துக்கு ஏன் இத்தனை ஃபார்மட்?

டிஜிட்டல் படம் என்பது பிக்சல் எனப்படும் சின்னச் சின்னப் புள்ளிகளின் தொகுப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தில் சுமார் 1.2 கோடி புள்ளிகள் இருக்கும். அப்படியே சேமித்தால் ஒரு படமே 36 எம்பி வந்துவிடும். அதனால் சுருக்கியே ஆக வேண்டும்.

சுருக்குவதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போல. திரும்ப எடுத்து விரித்தால் நூல்கூடக் குறையாது. இன்னொன்று, நீளமான கதையைச் சுருக்கிச் சொல்வது போல. சாரம் இருக்கும், விட்டுப்போன விவரம் திரும்ப வராது. பிஎன்ஜி முதல் வகை, ஜேபெக் இரண்டாம் வகை.

ஜேபெக்: முகங்களுக்கும் காட்சிகளுக்கும்

1992-ல் தரநிலையாக வந்த ஜேபெக், மனிதக் கண்ணின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கண் கூர்மையாகக் கவனிக்கும், நிறத்தில் உள்ள நுணுக்கமான வேறுபாட்டை அந்த அளவுக்குக் கவனிக்காது. படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத விவரங்களை ஜேபெக் கழித்துவிடுகிறது. 36 எம்பி படம் சில எம்பிக்குள் வந்துவிடுவது இப்படித்தான்.

முகம், இயற்கைக் காட்சி, சாப்பாட்டுத் தட்டு என நிறங்கள் மெதுவாக மாறும் படங்களுக்கு இது பொருத்தம். எழுத்துக்கும் கோட்டுக்கும் பொருந்தாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தால், ஓரங்களில் அழுக்குப் படிந்தது போல் தெரியும்.

இன்னொரு விஷயம்: ஜேபெக் படத்தைத் திறந்து பார்ப்பதாலோ காப்பி எடுப்பதாலோ தரம் குறையாது. ஆனால், எடிட் செய்து ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் தேயும். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எப்படியோ, அப்படி. அதனால் ஒரிஜினலைத் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே புதிய பிரதி எடுங்கள்.

பிஎன்ஜி: எழுத்துக்கும் லோகோவுக்கும்

1987-ல் வந்த ஜிஃப் ஃபார்மட்டில் ஒரு சட்டச் சிக்கல் முளைத்தது. அதில் இருந்த சுருக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம், 1994 இறுதியில் அதற்கு உரிமக் கட்டணம் எழுந்தது. அதற்கு மாற்றாக, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி 1996-ல் வந்ததுதான் பிஎன்ஜி.

இதில் எந்த விவரமும் இழக்கப்படாது. பின்னணி இல்லாமல் ஒளிபுகும் படமாகவும் சேமிக்கலாம். ஸ்க்ரீன்ஷாட், லோகோ, அட்டவணை, எழுத்துள்ள படங்களுக்கு இதுதான் சரி. ஆனால், கேமரா படத்தை பிஎன்ஜியாகச் சேமித்தால் ஃபைல் பல மடங்கு பெரிதாகிவிடும், கண்ணுக்குப் பெரிய வித்தியாசமும் தெரியாது.

ஜிஃப் இன்றும் அசையும் படங்களுக்குப் பயன்படுகிறது. ஒரு ஃபிரேமில் 256 நிறங்களைத்தான் தாங்கும் என்பதால் புகைப்படத்துக்கு உதவாது.

எஸ்விஜி கொஞ்சம் வேறு. இது புள்ளிகளைச் சேமிப்பதில்லை. ‘இங்கே ஒரு வட்டம், அங்கே ஒரு கோடு’ என்று வரைவதற்கான குறிப்புகளைச் சேமிக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. லோகோவுக்கும் ஐகானுக்கும் ஏற்றது.

வெப்பி, ஏவிஃப்: இணையத்துக்காகவே

வெப்பியை கூகுள் 2010-ல் அறிமுகப்படுத்தியது. அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறிய ஃபைல் கிடைக்கும் என்பது கூகுளின் கணக்கு. வீடியோ சுருக்கத் தொழில்நுட்பத்திலிருந்து 2019-ல் உருவான ஏவிஃப், பல படங்களில் அதையும்விடச் சிறிதாக்கும். இன்றைய குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி பிரவுசர்கள் இரண்டையும் திறக்கும்.

ஆனால், பிரவுசர் திறக்கிறது என்பதற்காக விண்ணப்பத் தளமும் ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்கக் கூடாது. பல அரசு, தேர்வுத் தளங்கள் ஜேபெக் மட்டுமே கேட்கின்றன. ஐபோனில் எடுத்த படம் ஏறாமல் போவதற்கும் இதுவே காரணம். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல், புதிய ஐபோன்கள் படங்களை ஹெச்இஐசி என்ற ஃபார்மட்டில் சேமிக்கின்றன. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதன் பிறகு எடுக்கும் படங்கள் ஜேபெக்காக வரும்.

பெயரை மாற்றினால் போதாதா?

போதாது. நிறைய பேர் செய்யும் தவறு இதுதான். ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் ‘பிஎன்ஜி’யை அழித்துவிட்டு ‘ஜேபிஜி’ என்று எழுதினால், டப்பாவின் லேபிள்தான் மாறுகிறது, உள்ளே இருப்பது மாறவில்லை. ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் அதன் வகையைச் சொல்லும் அடையாளம் இருக்கும். அதைச் சரிபார்க்கும் தளம் உடனே நிராகரித்துவிடும். படத்தை ஒரு செயலியில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து ஜேபெக்காகச் சேமிப்பதே சரியான வழி.

50 கேபிக்குள் எப்படிக் கொண்டுவருவது?

வங்கிப் பணிகளுக்குத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் அறிவிப்புகளில், புகைப்படம் 200-க்கு 230 பிக்சலில், 20 முதல் 50 கேபிக்குள் கேட்கப்படுவது வழக்கம். கையெழுத்து 140-க்கு 60 பிக்சலில், 10 முதல் 20 கேபிக்குள். தேர்வுக்குத் தேர்வு இது மாறும் என்பதால், அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசைதான் முக்கியம். முதலில் முகம் சரியாக வரும்படி படத்தை வெட்டுங்கள். பிறகு நீள அகலத்தைக் குறையுங்கள். கடைசியாகத்தான் தரத்தைக் குறைப்பது. 200-க்கு 230 என்றால் 46,000 புள்ளிகள்தான், சுருக்காமலே சுமார் 138 கேபி. ஜேபெக்காகச் சேமித்தால் 50 கேபிக்குள் சுலபமாக வந்துவிடும், முகமும் தெளிவாக இருக்கும். மாறாக, 12 மெகாபிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் குறைத்தால், முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

20 கேபிக்குக் கீழே போய்விட்டாலும் சில தளங்கள் ஏற்காது. அப்போது தரத்தைக் கொஞ்சம் கூட்டிச் சேமியுங்கள். கையெழுத்தை வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் போட்டு, சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டிவிடுங்கள்.

‘ஆன்லைனில் இலவசமாகச் சுருக்கித் தருகிறோம்’ என்னும் தளங்களில் பலவும் உங்கள் படத்தைத் தங்கள் சர்வருக்கு வாங்கிக்கொண்டுதான் வேலையைச் செய்கின்றன. புகைப்படமும் கையெழுத்தும் சேர்ந்து முன்பின் தெரியாத இடத்துக்குப் போவது நல்லதல்ல. கம்ப்யூட்டரில் இருக்கும் பெயின்ட் செயலியிலேயே அளவை மாற்றி, ஜேபெக்காகச் சேமிக்கலாம்.

இணையதளம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

400 பிக்சல் அகல இடத்தில் காட்டப்போகும் படத்துக்கு 4,000 பிக்சல் ஃபைலை ஏற்றாதீர்கள். வாடிக்கையாளரின் டேட்டாதான் வீணாகும். சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவர், படம் வருவதற்குள் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். புகைப்படங்களை வெப்பியில் கொடுத்து, பழைய பிரவுசர்களுக்காக ஜேபெக் பிரதியையும் வையுங்கள். விலைப்பட்டியலைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள். அப்போதுதான் பார்வையற்றவர்களின் ஸ்க்ரீன் ரீடர் அதை எளிதாக வாசித்துச் சொல்லும்.

சுருக்கமாக

- கேமரா படம்: ஜேபெக். சொந்த இணையதளம் என்றால் வெப்பி அல்லது ஏவிஃப்.
- ஸ்க்ரீன்ஷாட், எழுத்துள்ள படம்: பிஎன்ஜி.
- லோகோ, ஐகான்: எஸ்விஜி. இல்லையென்றால் பிஎன்ஜி.
- விண்ணப்பம்: அறிவிப்பில் என்ன கேட்டிருக்கிறார்களோ, அது மட்டும்.

சரியான அளவில் ஒரு புகைப்படம், ஒரு கையெழுத்து என இரண்டு ஜேபெக் ஃபைல்களை இன்றே தயார் செய்து, ஒரிஜினலோடு சேர்த்து வைத்துவிடுங்கள். கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு அந்த வேலையில் உட்கார வேண்டியிருக்காது.