கையும் கருத்தும்

1938-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 20-ஆம் நாள் திருவனந்தபுரம் நகரின் பெருஞ்சாலையிலே புதிய பஸ் ஒன்று கவடியார் சதுக்கத்தை நோக்கிச் சென்றது. அதில் பயணிகளாக அமர்ந்திருந்தவர்கள் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாளும் அவருடைய உறவினரும் ஆவர். வண்டியை ஓட்டியவர் ஈ. ஜி. சால்ட்டர் என்னும் ஆங்கிலேயர். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிவந்த அவரை, 1937 செப்டம்பரில் திருவிதாங்கூர் சர்க்கார் தன் புதிய போக்குவரத்து இலாகாவின் தலைவராக நியமித்திருந்தது. இலாகாவின் தலைவரே சாரதியின் ஆசனத்தில் அமர்ந்ததை நேயர்கள் கவனிக்க வேண்டும். நாடாள்பவரின் உயிர் அன்று அவருடைய இரு கைகளில் இருந்தது.

வண்டி ஓட்டுபவரின் கை எங்கே இருக்க வேண்டும், கருத்து எங்கே இருக்க வேண்டும் என்னும் வினா இந்நாளில் புதிதாக எழுந்துள்ளது. முன்செல்லும் வண்டிக்கு ஏற்பத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் கார்களும், வெள்ளைக் கோட்டைக் கண்டு தானே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொள்ளும் கார்களும் நம் சாலைகளுக்கு வந்துவிட்டன. ஆயினும் இவ்வினா பழமையானது. அதன் வரலாற்றைத் திருவனந்தபுரத்திலிருந்து நோக்குவது பொருத்தமாகும் என்று நாம் கருதுகிறோம்.

சால்ட்டர் கொண்டுவந்தவை, பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய 60 காமர் வண்டிகள். அடிச்சட்டங்கள் மட்டுமே கப்பலில் வந்தன. மேற்கூடுகள் அவருடைய மேற்பார்வையில் இங்கேயே கட்டப்பட்டன. கண்டக்டர்களாகவும் இன்ஸ்பெக்டர்களாகவும் பட்டதாரிகள் நூறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். திறப்பு விழாவுக்குப் பின்னர் பொதுமக்களுக்கான பஸ்கள் தெற்கே களியக்காவிளைச் சாலையில் ஓடத் தொடங்கின. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று செல்லும் அந்த வழி நம்மவர்க்கு நன்கு பழக்கமானது. 1956 நவம்பர் முதல் நாள் தென்பகுதி தமிழகத்துடன் இணையும் வரையில் இவை யாவும் ஒரே அரசின் கீழ் இருந்தன. சாலைக் கடைத்தெருவின் வணிகரும், கரமனைத் தெருக்களின் தமிழ்க் குடும்பத்தாரும் ஊருக்குச் சென்றுவர நம்பியிருந்த வழி அது.

அக்கால பஸ்ஸில் ஸ்டியரிங் சக்கரம் மிகப் பெரிது. காரணம் எளிது. நீர்ம அழுத்தத்தின் துணை அந்நாளில் இல்லை. முன்சக்கரங்களைத் திருப்பும் வலிமை முழுவதும் சாரதியின் தோளிலிருந்தே வர வேண்டும். சக்கரத்தின் விட்டம் பெரிதானால்தான் அந்த வலிமை போதும். கியர் மாற்றுவதற்குக் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் ஓசையைச் செவியால் அளந்து பற்களைப் பொருத்த வேண்டும். தவறினால் வண்டி முழுவதும் கேட்கும்படி பல் நறநறக்கும். இப்படிப்பட்ட வண்டியில் ஒருவர் கவனமின்றி அமர்ந்திருப்பது எளிதன்று. உழைப்பே விழிப்பைக் காத்தது. களைப்பும் அதனால் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பழைய வண்டியைப் புகழ்வது நம் நோக்கமன்று.

இங்கே ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். கையைச் சக்கரத்திலிருந்து எடுக்கும்படி சட்டமே கட்டளையிட்ட காலம் அது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கைச்சைகைகளை வகுத்துரைத்தது. வலப்புறம் திரும்புவோர் வலக்கையை வெளியே நேராக நீட்ட வேண்டும். வேகம் குறைப்போர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிற்போர் முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். ஆக, கையானது வண்டியைத் திருப்பும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. சாரதியின் எண்ணத்தைப் பிறருக்கு அறிவிக்கும் வாயாகவும் இருந்தது.

இந்தச் சுமையை இலேசாக்கும் முயற்சிகள் அமெரிக்காவில் நடந்தன. 1951-இல் கிரைஸ்லர் கார்களில் ஸ்டியரிங்குக்கு நீர்ம அழுத்தத்தின் துணை கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு ரால்ஃப் டீட்டர் என்பவர், காலால் மிதிக்காமலே வேகத்தை ஒரே அளவில் காக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் ஐந்து வயதிலேயே பார்வை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் பேசும்போது காரை மெல்ல ஓட்டுவாராம்; பிறர் பேசக் கேட்கும்போது விரைவாக ஓட்டுவாராம். அந்தக் குலுக்கலைத் தாங்க மாட்டாமலே இக்கருவியைச் சிந்தித்தார் என்று சொல்லுவர். 1958-இல் அது விற்பனைக் கார்களில் இடம்பெற்றது. ஓட்டுபவரின் கவனம் பேச்சில் கரைவதை முதலில் நுட்பமாக உணர்ந்தவர் கண்ணில்லாத ஒருவர் என்பது நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது.

சுமை குறைந்தால் விழிப்பு என்னவாகும்? இதற்கு விடை மோட்டார்த் தொழிலிலிருந்து வரவில்லை; போர்க்களத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் ரேடார்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் நேரம் செல்லச் செல்லக் குறிகளைத் தவறவிட்டனர். நார்மன் மேக்வொர்த் என்னும் உளநூலறிஞர் ஒரு வெற்றுக் கடிகாரத்தை அமைத்து இதனைச் சோதித்தார். முள் ஒவ்வோர் அடியாக நகரும். எப்போதேனும் ஒருமுறை ஈரடி தாவும். தாவலைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனையில், முதல் அரை மணிக்குள்ளாகவே பலர் தாவல்களைத் தவறவிடத் தொடங்கினர். 1948-இல் வெளியான இவ்வுண்மை இன்றளவும் மாறவில்லை. வேலை செய்பவன் விழித்திருப்பான். வேலையை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவன் உறங்காமலே உறங்கிவிடுவான்.

கை வைக்கும் இடமும் இதற்கிடையே மாறியது. சக்கரத்தைக் கடிகார முகமாகக் கொண்டு, பத்திலும் இரண்டிலும் கை வைக்கும்படி முன்னோர் கற்பித்தனர். சக்கரத்தின் நடுவிலே காற்றுப்பை வந்தபின், அது வெடித்து விரியும்போது மேலே உள்ள கை முகத்தில் எறியப்படும் ஆபத்தைக் கருதி, ஒன்பதிலும் மூன்றிலும் வைப்பதே நலம் என்றாயிற்று. நம் நாட்டில் புதிய கார்களில் ஓட்டுபவருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதல் கட்டாயமாயிற்று. பயிற்சிப் பள்ளிகளில் பழைய பாடம் இன்னும் நடப்பதை நாம் காண்கிறோம்.

கை வைத்திருக்கிறாரா என்பதை எந்திரம் எப்படி அறியும்? சக்கரத்தில் சிறு திருகுவிசை தென்படுகிறதா என்று பார்க்கும். அல்லது விரலின் தொடுகையை மின்னுணரி கொண்டு அறியும். ஐக்கிய நாடுகளின் 79-ஆம் எண் விதிப்படி, கோட்டுக்குள் வண்டியை நிறுத்தும் கருவி இயங்குகையில் கை விலகினால் 15 நொடிகளுக்குள் கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை வேண்டும். 30 நொடிகளுக்குள் ஒலியும் சேர வேண்டும்.

ஆனால் கை, கருத்துக்கு உறுதியான சாட்சியா? 2016 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் அருகே, தன்னோட்டத் துணையுடன் சென்ற டெஸ்லா கார் ஒன்று குறுக்கே திரும்பிய லாரியில் மோதியது. ஓட்டியவர் மாண்டார். அத்துணை இயங்கிய 37 நிமிடங்களில் அவர் கை சக்கரத்தில் பட்டதாக எந்திரம் உணர்ந்தது 25 நொடிகள் மட்டுமே என்று விசாரணையில் தெரிந்தது. சக்கரத்தின் திருகுவிசையைக் கொண்டு ஒருவரின் கவனத்தை அளப்பது போதாது என்றும் விசாரித்த அமைப்பு 2017-இல் கூறியது. அது சரியென்றே நாம் கருதுகிறோம். சக்கரத்தில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு எந்திரத்தை ஏமாற்றியவர்களும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அரிசோனாவின் டெம்ப்பி நகரில், தானியங்கிக் காரின் சோதனை ஓட்டத்தின்போது சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். ஆசனத்தில் இருந்த காவலரின் பார்வை அந்நேரம் கைபேசியில் இருந்தது.

இவற்றுக்குப் பின் கையை விட்டுக் கண்ணையும் முகத்தையும் நோக்கும் கருவிகள் பெருகின. இங்கே நாம் மீண்டும் திருவனந்தபுரத்துக்கு வருகிறோம். கவடியார்ச் சாலையின் மற்றொரு முனையான வெள்ளயம்பலத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் மையம் உள்ளது. போக்குவரத்துக்கான மின்னணுக் கருவிகளில் நெடுங்காலம் உழைத்துவரும் மையம் அது. சி-டாக்கும் சென்னை ஐ.ஐ.டி.யும் மகிந்திரா நிறுவனத்தின் தொழில்துணையுடன் உருவாக்கிய ஓட்டுநர் துணை எச்சரிக்கை அமைப்பு 2022 ஜனவரியில் வெளியிடப்பட்டது. சுற்றியுள்ள வண்டிகளை அது ரேடாரால் அறியும். ஓட்டுபவரின் போக்கையும் கண்காணிக்கும். ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்கும். சக்கரத்தை அவர் கையிலிருந்து அது வாங்கிக்கொள்வதில்லை. கோடழிந்த சாலைகளும், எதிரே வரும் மாடும் மனிதரும் நிறைந்த நம் நாட்டுக்கு இம்முறையே ஏற்றது என்பது நம் எண்ணம். அடுத்த ஆண்டு கேரள அரசு மாநிலமெங்கும் 726 கேமராக்களை இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஓட்டுபவரின் கையில் கைபேசி இருப்பதையும் அவை படம் பிடிக்கின்றன.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் லாரி ஓட்டிப் பிழைப்போர் பலர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரவு பஸ்ஸில் ஊர் திரும்புவோர் அவர்களினும் பலர். விடியற்காலை மூன்று மணிக்கு எச்சரிக்கை ஒலிக்கும்போது, ஓட்டுபவர் அதன் பொருளைச் சிந்தித்து அறிய நேரமிராது. எத்தனையோ விதமான ஒலிகளை எழுப்பும் வண்டியில் எது உறக்கத்துக்கு, எது மோதலுக்கு என்று பிரித்தறிவது பழகாதவர்க்குக் கடினம். வண்டி வாங்குவோர் இதனையும் ஓட்டுநருக்குப் பொறுமையாகக் கற்பிப்பது நலம்.

தம்பானூரிலிருந்து புறப்படும் சாதாரண பஸ்களில் பழைய துணைக்கருவி ஒன்று இருக்கிறது. கூரையோரமாகச் செல்லும் கயிற்றைக் கண்டக்டர் இழுப்பார். சாரதியின் தலைக்கு மேல் மணி ஒலிக்கும். ஒரு மணி என்றால் நிறுத்த வேண்டும். இரு மணி என்றால் செல்லலாம். திரும்பிப் பாராமலே சாரதி கியரை மாற்றுகிறார்.