காது தொடும் வயது

ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் சேர்வதற்கு ஒரு சோதனை இருந்தது. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். விரல் எட்டினால் ஒன்றாம் வகுப்பு. எட்டாவிட்டால், "அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்கம்மா."

பிறந்த தேதி எங்கும் பதிவாகாத வீடுகளில் உடம்பே சான்றிதழ். இதில் ஓரளவு அறிவும் உண்டு. சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதை ஒட்டித்தான் கை நீளும். ஆனால் வயிறார உண்ணாமல் வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அது இன்னும் தாமதமாகும். வயதோடு சேர்த்து அந்த வீட்டுச் சோற்றையும் இந்தச் சோதனை அளந்தது. காதைத் தொட்டதும் ஜூனில் ஐந்து வயது முடிவதுபோலத் தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். என் அம்மாவின் சான்றிதழில் பிறந்த மாதம் ஜூன். அவர் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்பாள் ஆச்சி.

'பிள்ளை பள்ளிக்குத் தயாரா?' என்பது பிள்ளையைப் பற்றிய கேள்விபோலத் தெரிகிறது. தூத்துக்குடிக் கரையின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவரின் தேவைதான் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராகப் பிள்ளைகளைத் திரட்டிச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் கூலி வேண்டுமே? போர்ச்சுகல் அரசி கத்தரினாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணம் அதற்குத் திருப்பிவிடப்பட்டது. கரை மக்கள் மூச்சடக்கி எடுத்த முத்து, அரசியின் செருப்புக்குப் போய், அங்கிருந்து பிள்ளைகளின் பாடத்துக்குத் திரும்பி வந்தது. அந்தப் பாடத்துக்குக் காது தொட வேண்டியதில்லை. செபத்தைத் திருப்பிச் சொல்ல வாய் திரும்பினால் போதும்.

அரசாங்கம் சட்டம் போட்டு வயது குறித்தது பள்ளிக்கு முன்னதாக ஆலைக்குத்தான். 1881-ன் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1891-ல் அது ஒன்பதாயிற்று. தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியின் பஞ்சாலை ஓடத் தொடங்கிய காலம் அது. கட்டாயக் கல்வி கேட்டு கோகலே மசோதா கொண்டுவந்தது 1911-ல்தான். அதுவும் முதலில் 6 முதல் 10 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. அந்த மசோதாவும் தோற்றுப்போனது.

அந்தப் 'பிறகு' வரும்வரை பெண் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? தம்பி தங்கையை இடுப்பில் சுமந்தார்கள். உப்பளத்தில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டும். அம்மா அளத்துக்குக் கிளம்பும்போது வாசலில் கேட்கும் சொல், "ஏட்டி, தம்பியப் பாத்துக்க." மீன் ஏலத்துக்குப் போகும் அம்மாவும் அதையேதான் சொல்வாள். தம்பிக்குக் காது எட்டும் வரை அக்காவுக்குப் பள்ளிக்கூடம் எட்டாது. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிப் பதிவேடும் எழுதவில்லை. அதில் இருப்பது 'இடைநிற்றல்' என்ற ஒற்றைச் சொல்தான்.

அக்காவின் இடுப்பிலிருந்து தம்பியை இறக்கியதில் சோற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. நாடு முழுவதற்குமான அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது கிராமங்களில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் மையத்தில் சோறு கிடைத்தது. பள்ளிக்கு ஐந்து வயது ஆகவேண்டும். பால்வாடிக்கு இரண்டு போதும். அங்கே வேலைக்கு எடுத்ததில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. ஒரு பெண் வேலைக்குப் போக, இன்னொரு பெண் பிள்ளை பார்த்தாள். இந்த முறை அவளுக்கு அரசு சம்பளம் கொடுத்தது, சொற்பமாகத்தான் என்றாலும்.

அந்தச் சொற்பம் இன்றும் தொடர்கிறது. 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கு அது பெரிய வாசல். 2022 ஜூனில் அவை மூடப்படும் என்று செய்தி வந்து, எதிர்ப்புக்குப் பிறகு தொடரும் என்றார்கள். பிறகு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்ததும் அதே 2022-ல்தான். பிள்ளையின் முதல் ஆறு ஆண்டுகள்தான் அடித்தளம் என்று எல்லாக் கல்விக் கொள்கையும் எழுதுகிறது. அந்த அடித்தளத்தைப் போடும் பெண்ணின் கூலியை மட்டும் தானம்போல எண்ணுகிறது.

இப்போது வயது மறுபடியும் விவாதத்துக்கு வந்திருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து. ஆறு வயதில் சேரும் பிள்ளைக்கு எழுத்து எளிதாகப் பிடிபடும், விளையாட்டுக்கு நேரம் கிடைக்கும் என்பவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டாயக் கல்விச் சட்டம் தரும் உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வயதுக்கு அரசு 'ஏற்பாடு செய்யலாம்' என்று நிறுத்திக்கொள்கிறது. அந்த 'லாம்' என்ற இரண்டு எழுத்துக்குள்தான் அளத்துப் பெண்ணின் விடியற்காலை இருக்கிறது. அங்கன்வாடி திறக்கும்போது அவளது வேலையில் பாதி முடிந்திருக்கும். அந்த இடைவெளியில் பிள்ளை யாரிடம் இருந்தது?

வயது ஐந்தா ஆறா என்று முடிவு செய்யும் கூட்டத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். மையம் எத்தனை மணிக்குத் திறக்கும், அங்கே இருப்பவளுக்கு என்ன சம்பளம் என்று எழுதிவிட்டு வயதை எழுதட்டும். அதை எழுதாமல் ஓராண்டைக் கூட்டினால், அந்த ஓராண்டு ஏதோ ஒரு வீட்டில் பத்து வயது அக்காவின் கணக்கில்தான் ஏறும்.