சான் ஹுவானின் மூச்சு

டீசல்-மின் நீர்மூழ்கியை ஓசையற்ற வேட்டைக்காரன் என்றே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். அந்த ஓசையின்மை மின்கலங்களின் கொடை. அவற்றுக்கு மின்னேற்ற டீசல் எஞ்சின் ஓடவேண்டும்; எஞ்சினுக்கோ காற்று வேண்டும். ஆகவே அவ்வப்போது மேலெழுந்து, ஸ்நார்கல் குழாயை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டி அது மூச்சு வாங்கியாக வேண்டும்.

ஜெர்மனியின் எம்டன் நகரில் கட்டப்பட்டு 1985இல் அர்ஜென்டினக் கடற்படையில் சேர்ந்த சான் ஹுவானுக்கு அம்மூச்சே எமனாயிற்று. இடையில் அதன் உடலை இரண்டாக வெட்டிச் செப்பனிட்டு, 960 மின்கலங்களையும் புதுப்பித்திருந்தனர். 2017 நவம்பர் 15 அன்று, உசுவாயாவிலிருந்து மார் டெல் பிளாட்டாவுக்குத் திரும்பும் வழியில், காற்றுக்குழாய் வழியே கடல்நீர் புகுந்து மின்கலப் பகுதியில் மின்கசிவு நேர்ந்ததாகக் கப்பலிலிருந்து தகவல் வந்தது. பிறகு மௌனம். உள்ளே 44 பேர். அவர்களுள் எலியானா கிராவ்சிக், அந்நாட்டின் முதல் பெண் நீர்மூழ்கி அதிகாரி.

அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க அமைத்த நீரொலி நிலையங்கள்தாம் (விந்தையான உலகம்!) அன்றைய வெடிப்பொலியைப் பதிவுசெய்திருந்தன. தேடலைக் கைவிடக்கூடாதென்று உறவினர்கள் ஓராண்டு போராடினர். 2018 நவம்பர் 17இல், 907 மீட்டர் ஆழத்தில், ஓஷன் இன்ஃபினிட்டி என்ற தனியார் நிறுவனம் அதைக் கண்டறிந்தது. மேலே தூக்கும் வசதி தம்மிடம் இல்லையென்று அரசு கைவிரித்தது.